கிங்ஸ் குவெஸ்ட் 5: அழகு அள்ளுது, புதிர் கொல்லுது

1990-இல் வந்த சாகசக் கணினி விளையாட்டு. 256 வண்ணங்களில் கையால் வரைந்த காடும் பனிமலையும் இன்றைக்கும் கண்ணைக் கட்டிப்போடுகின்றன. முந்தைய பாகங்களைப் போலக் கட்டளைகளைத் தட்டச்சு செய்ய வேண்டாம், சொடுக்கினால் போதும்.

ஆனால் புதிர்கள் இருக்கின்றனவே! ஒரு பூனை எலியைத் துரத்திக்கொண்டு ஓடும். அந்த நொடியில் பழைய செருப்பையோ குச்சியையோ எறிந்து எலியைக் காப்பாற்றாவிட்டால், பின்னால் விடுதி நிலவறையில் உங்களைக் கட்டிப்போடும்போது கயிற்றைக் கடித்துவிட ஆள் இருக்காது. பசிக்கிறதே என்று கையிலிருக்கும் ‘பை’ (pie) என்ற இனிப்புப் பண்டத்தைத் தின்றுவிட்டீர்களா? பனி மனிதன் முகத்தில் எறிய ஒன்றும் மிஞ்சாது. இதையெல்லாம் முன்கூட்டிச் சொல்லவே மாட்டார்கள், அதுதான் எரிச்சல். கூடவே வரும் ஆந்தை வேறு, தொணதொணப்பு தாங்காது.

சரி, விளையாடலாமா? தாராளமாக. சேமித்த பழைய கோப்புகளை மட்டும் அழித்துவிடாதீர்கள்.