மூச்சா, நோட்டுப் புத்தகமா? பதற்றத்துக்கு எது கைகொடுக்கும்

நெஞ்சு படபடவென்று அடித்து உள்ளங்கை வியர்க்கும்போது பேனாவைத் தேடாதீர்கள், அப்போது மூச்சுதான். 4 எண்ணும்வரை மூக்கால் இழுத்து, 6 எண்ணும்வரை மெதுவாக விடுங்கள். வெளிமூச்சு நீளும்போது மூளையிலிருந்து இதயத்துக்குப் போகும் வேகஸ் நரம்பு வழியாக இதயத் துடிப்பு தணியும், கொஞ்ச நேரத்தில் இறுகிக் கிடந்த தோள் தளர்வது உங்களுக்கே தெரியும்.

சரி, அதே கவலை ராத்திரி திரும்பி வந்தால்? அப்போது எழுதுங்கள். 1960களில் அமெரிக்க மனநல மருத்துவர் ஆரோன் பெக் உருவாக்கிய சிபிடி (எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றும் பேச்சு சிகிச்சை) முறையில் இது முக்கியமான கருவி: "மேலாளர் பதிலே போடவில்லை, வேலை போய்விடும்" என்று மனசு சொன்னதை அப்படியே எழுதி, பக்கத்திலேயே அதற்கு என்ன ஆதாரம், வேறு காரணம் இருக்குமா என்றும் எழுதிப் பாருங்கள். முதலில் சலிப்பாகத்தான் இருக்கும். இருந்தாலும் என் ஓட்டு நோட்டுப் புத்தகத்துக்கே, ஏனென்றால் அது பயத்தையே கேள்வி கேட்கிறது.

அப்புறம், வாரக்கணக்கில் தூக்கமே இல்லையென்றால் இந்த இரண்டை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்காமல் மனநல மருத்துவரைப் பாருங்கள்.