பழைய எக்ஸ்பி நிறுவக் கொடுப்பவர்களே, 137 ஜிபி எல்லையைக் கேட்டுவிட்டுக் கொடுங்கள்

180 ஜிபி ஒலிப்பதிவுகள் போய்விட்டன. வயிறு எரிகிறது. இன்னொருவருக்கும் இந்தக் கதி வரக்கூடாது என்று சூட்டோடு சூடாக எழுதுகிறேன். தப்பிக்கும் வழிகளையும் கடைசியில் சொல்கிறேன்.

என் ஒலிப்பதிவு அட்டைக்கு விண்டோஸ் எக்ஸ்பியோடு டிரைவர் நின்றுவிட்டது. அதனால் பழைய இயங்குதளங்களை நிறுவித் தருவதாக விளம்பரம் செய்யும் ஒரு கணினிப் பழுதுபார்ப்புக் கடையில் என் 320 ஜிபி ஹார்ட் டிஸ்கைக் கொடுத்தேன். டிஸ்கின் இரண்டு பார்ட்டிஷன்களில் (பகுதிகளில்) சி-யில் மட்டும் எக்ஸ்பி ஏற்ற வேண்டும், டி-யில் பதிவுகள் இருக்கின்றன என்றேன். "இவ்வளவு பெரிய டிஸ்கை எக்ஸ்பி தாங்குமா, முதலில் காப்பு எடுக்கட்டுமா?" என்றும் கேட்டேன். "தேவையே இல்லை சார், டி பக்கம் கையே வைக்க மாட்டோம்" என்றவர், "டி தொடக்கூடாது" என்று ஒரு சீட்டில் எழுதி என் கண் முன்னே டிஸ்கின் மேல் ஒட்டினார். அந்தச் சீட்டைப் பார்த்துத்தான் நம்பினேன்.

வீட்டில் எல்லாம் நன்றாகவே ஓடியது. புதிய பதிவுகளைச் சேமிக்கத் தொடங்கிய பிறகுதான் வினை ஆரம்பித்தது. கோப்புறைப் பெயர்கள் கட்டம் கட்டமாக மாறின. ஒரு பதிவு பாதிவரை ஒழுங்காகப் பாடிவிட்டு வெறும் இரைச்சலானது. அடுத்த முறை இயக்கியபோது டிஸ்கின் பிழைகளைச் சரிசெய்யும் விண்டோஸ் கருவியான செக்டிஸ்க் தானாக ஓடி, மிஞ்சியதையும் "ஃபவுண்ட்.000" என்ற கோப்புறையில் துண்டு துண்டாகக் கொட்டியது.

கேட்டால் முதலில் வைரஸ் என்றார்கள். பிறகு டிஸ்க் பழசு என்றார்கள்; வேறு கணினியில் சோதித்தேன், ஒரு கெட்ட செக்டார்கூட (டிஸ்கில் தரவு எழுதும் சிறு கட்டம்) இல்லை. அப்புறம் தொலைபேசியில் எப்போதும் "அவர் வெளியே போயிருக்கிறார்". கடைசியாக நேரில் போனபோது, "எக்ஸ்பி ஏறியதா இல்லையா? எங்கள் வேலை அவ்வளவுதான்" என்று முகத்தில் அடித்தாற்போல் சொன்னார்கள். 180 ஜிபியை மீட்டுத் தரத் தனிக் கட்டணமாம்!

நடந்தது இதுதான். அவர்கள் போட்டது 2001இல் வந்த முதல் எக்ஸ்பி. அது ஒவ்வொரு செக்டாருக்கும் தரும் முகவரி எண் 28 பிட்டோடு நிற்கும், அதற்கு மேல் எண்ணத் தெரியாது. 512 பைட் செக்டார் கணக்கில் 137 ஜிபிதான் எல்லை. அதைத் தாண்டிப் போகும் பார்ட்டிஷனில் எழுதினால் தரவு சிதையும். என் டி பார்ட்டிஷன் அந்த எல்லையின் இருபுறமும் கிடந்தது. தொழிலே இதுவாக இருப்பவர்களுக்கு இது தெரியாதா? 180 ஜிபி!

வழிகளை விரிவாக எழுதும் நிலையில் இப்போது இல்லை. விண்டோஸின் பதிப்பைக் காட்டும் சிஸ்டம் பிராப்பர்ட்டீஸைத் திறந்து பாருங்கள். "வெர்ஷன் 2002" என்பதற்குக் கீழே சர்வீஸ் பேக் (பின்னால் வந்த திருத்தத் தொகுப்பு) வரி இல்லையென்றால் பெரிய டிஸ்கை இணைக்காதீர்கள். எக்ஸ்பிக்குக் குறைந்தது சர்வீஸ் பேக் 1 வேண்டும். விண்டோஸ் 2000 என்றால் சர்வீஸ் பேக் 3 மட்டும் போதாது, விண்டோஸின் அமைப்புகள் பதிவாகும் ரிஜிஸ்ட்ரியில், பெரிய டிஸ்கை அனுமதிக்கும் "எனேபிள்பிக்எல்பிஏ" (EnableBigLba) மதிப்பையும் 1 ஆக்க வேண்டும். தரவு இருக்கும் டிஸ்கைக் கடையில் கொடுக்கவே வேண்டாம். கோப்புப் பெயர் குழம்பினால் உடனே கணினியை அணையுங்கள், செக்டிஸ்கை ஓட விடாதீர்கள்.