பதினெட்டு முடிந்த பிள்ளைக்கு மூன்று இலட்சம்: எப்படிக் கொடுப்பது?

இலங்கை மலையகத்தில் சிறுவர் இல்லங்களுக்குப் பிறந்தநாள் சாப்பாடு கொடுக்க ஆள் குறைவில்லை. நான் போய்வரும் ஓர் இல்லத்தில் ஞாயிற்றுக்கிழமை வேண்டுமானால் முன்கூட்டியே நாள் சொல்லிவைக்க வேண்டும். அதே இல்லத்திலிருந்து வயது பதினெட்டாகி, ஒரு பையோடு வெளியே வரும் பிள்ளையின் இராச்சாப்பாடு யார் பொறுப்பு என்பதுதான் யாருக்கும் தெரியாது.

கொழும்பிலிருக்கும் நண்பர் ஒருவர் கேட்டார்: "அப்படி வெளியேறும் ஒரு பிள்ளைக்கு மூன்று இலட்சம் ஒதுக்கியிருக்கிறேன். எப்படிக் கொடுப்பது?" நான்கு வழிகளையும் அவரே சொன்னார்: மொத்தமாகக் கையில் கொடுப்பது, மாதாமாதம் கொடுப்பது, விடுதி கட்டும் நிதியில் சேர்ப்பது, தொழிற்பயிற்சிக்குக் கட்டணம் கட்டுவது.

மொத்தத் தொகையில் மரியாதை இருக்கிறது. உன் பணம், உன் முடிவு என்கிறோம். ஆனால் அந்தப் பிள்ளை எங்கே போகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் ஓர் உறவுக்காரரின் லயன் அறைக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில் ஓர் அறைக்கு. அந்த அறையோ தேயிலைத் தோட்டத்துக்குச் சொந்தம். செக்ரோல் என்ற தோட்டத் தொழிலாளர் பதிவேட்டில் பெயர் உள்ளவரை நம்பித்தான் மற்றவர்கள் அங்கே இருக்கிறார்கள். தலவாக்கலைப் பக்கம் ஒரு பையனுக்குக் கொடையாளர்கள் சிலர் சேர்ந்து 60,000 ரூபாயை உறையில் போட்டுக் கொடுத்தார்கள். மாமா வீட்டுக் கூரைத்தகரம் ஒழுகிக்கொண்டிருந்தது. மாமியின் தோடு அடகில் இருந்தது. மூன்று வாரத்தில் உறை காலி. பையன் ஊதாரி இல்லை. தனக்கென்று அவன் வாங்கியது ஒரு சோடிச் சப்பாத்து மட்டும். பத்து வருடமாகப் பார்க்க வராத சொந்தத்துக்குள் நுழைய அவன் கட்டிய பணம் அது. காசு முடிந்ததும் அவனுடைய பாய் உள்ளறையிலிருந்து இஸ்தோப்புக்கு, வாசல் திண்ணைக்கு, வந்துவிட்டது.

மூன்று இலட்சத்தை இருபத்து நான்கு மாதங்களுக்குப் பிரித்தால் மாதம் 12,500. தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்கூலி 2024இல் 1,350 ரூபா ஆனது. அந்தக் கணக்கில் இது ஒன்பது நாள் கூலியைவிடச் சற்றே அதிகம். வாழ்ந்துவிட முடியாது. ஆனால் போடிங் அறையில் ஒரு கட்டிலைப் பிடித்துக்கொள்ளலாம், வேலை தேடி பஸ் ஏறலாம். மாமா கடன் கேட்டாலும் அந்த மாதக் காசுதான் போகும், அடுத்த மாதம் மறுபடி வரும். பிழை செய்ய இடம் தருகிற வழி இது ஒன்றுதான். வேல்சில் 2022 ஜூலையில் தொடங்கிய சோதனைத் திட்டம், அரச பராமரிப்பிலிருந்து வெளியேறிய பதினெட்டு வயதினருக்கு வரிக்கு முன் மாதம் 1,600 பவுண்டை இரண்டு வருடங்களுக்குக் கொடுத்தது. கலிபோர்னியாவின் சாண்டா கிளாரா மாவட்டம் 2020இல் 72 பேருக்கு மாதம் 1,000 டொலர் கொடுக்கத் தொடங்கியது. இதில்தான் செலவழிக்க வேண்டும் என்ற நிபந்தனை இரண்டு இடத்திலும் இல்லை.

அங்கே இல்லாத ஒரு முட்டுக்கட்டை இங்கே உண்டு. மாதப்பணத்துக்கு வங்கிக் கணக்கு வேண்டும், கணக்குக்கு அடையாள அட்டை, அட்டைக்குப் பிறப்புச் சான்றிதழ். சான்றிதழில் அப்பாவின் பெயர் ஒரு மாதிரி, பள்ளிக்கூடப் பதிவில் வேறு மாதிரி. விண்ணப்பத்தில் தோட்டத்தவருக்குத் தோட்ட அத்தியட்சகரும், மற்றவர்களுக்குக் கிராம உத்தியோகத்தரும் கையெழுத்திடுவது வழக்கம். பத்து வருடம் இல்லத்தில் வளர்ந்த பிள்ளையை இருவருமே "நீ இங்கே இல்லையே" என்று அனுப்பிவிடலாம். மாணவராக இருக்கும்போதே அதிபரின் கையெழுத்தோடு அட்டையை எடுத்துவிட்டால் இந்த அலைச்சல் இல்லை. செலவும் பெரிதாக இல்லை. கொடையாளர் இல்லத்திடம் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்.

விடுதி? பெயர்ப்பலகை மாட்டச் சுவர் கிடைக்கும். ஓர் இல்லத்திலிருந்து எடுத்து இன்னோர் இல்லத்தில் வைப்பதற்கு எதற்கு அவ்வளவு சீமெந்து? பெண் பிள்ளைகள் விஷயத்தில் மட்டும் இறங்கிவருகிறேன். தனியாக அறை கேட்டுப் போகும் பெண்ணிடம் ஹட்டனில் வீட்டுக்காரரின் முதல் கேள்வியே "அப்பா எங்கே வேலை?" என்பதுதான். மூன்று நான்கு பேருக்குச் சேர்த்து ஒரு வாடகை வீடு, கூட வயதில் மூத்த ஒரு பெண் என்றால் சரி. அதற்குக் கட்டடம் தேவையில்லை.

பயிற்சிக் கட்டணம் கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் தொழிற்பயிற்சி அதிகார சபை போன்ற அரச நிலையங்களில் பல பாடநெறிகள் ஏற்கெனவே இலவசம். பிள்ளைகள் பாதியில் நிற்பது படுக்க இடமும் பஸ் காசும் இல்லாமல். அல்லது வகுப்பு சிங்களத்தில் நடப்பதால். வாசற்கதவு திறந்துதான் கிடக்கிறது, அங்கே போய்ச் சேருவதற்குத்தான் வழியில்லை.

ஆகவே மாதப்பணம் என்றேன், சிறு வெட்டோடு. பிள்ளைக்கு மாதம் 10,000, மிச்சம் 2,500. பத்துக் கொடையாளர்கள் இப்படிச் சேர்ந்தால் 25,000 ரூபாயில் ஒருவரைப் பகுதிநேரமாக வைக்கலாம். நண்பரின் பட்டியலில் இல்லாத ஐந்தாவது வழி இந்த ஆள்தான். நன்னடத்தை, சிறுவர் பராமரிப்பு வேலைகளை மாகாணத் திணைக்களங்கள் பார்க்கின்றன. நுவரெலியாப் பிள்ளை கட்டுநாயக்கவுக்கு வேலைக்குப் போனால் மாகாணமே மாறிவிடுகிறது. கைப்பேசியில் உள்ள அந்த ஆளின் இலக்கம் மட்டும் மாறுவதில்லை.

நண்பர் யோசித்தார். "அந்த ஆள் அப்படி என்னதான் செய்வார்?"

போன வருடம் ஒரு பெண் ஆடைத் தொழிற்சாலை வாசலிலிருந்து கொட்டகலையிலிருக்கும் தன் பழைய இல்லத்து அக்காவுக்கு அழைத்தாள். சிங்களப் படிவம். மற்றதெல்லாம் பக்கத்திலிருந்தவளைக் கேட்டு நிரப்பிவிட்டாள். ஒரு கட்டம் மட்டும் பாக்கி. "அக்கா, நிரந்தர முகவரி என்று கேட்கிறார்கள். என்ன எழுதுவது?"

அக்கா தன் வீட்டு முகவரியை ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னார்.