இங்க்ஸ் ஏரியில் கூடாரம் போட "இடம் இருக்கிறது அண்ணா" என்று யாராவது சொன்னால்

டெக்சாஸில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்காக, குறிப்பாக வசந்த விடுமுறைக்கும் மே மாத நீண்ட வார இறுதிக்கும் கேம்பிங் இடம் தேடி அலைபவர்களுக்காக இதை எழுதுகிறேன். மாநிலப் பூங்காக்களில் தன் பெயரில் முன்பதிவு செய்த இடத்தைக் கைமாற்றித் தருவதாகச் சொல்லிக்கொண்டு ஒருவர் வாட்ஸ்அப் குழுக்களில் உலவுகிறார். நன்றாகத் தமிழ் பேசுகிறார். லாபம் கேட்பதில்லை. அவர் காட்டும் முன்பதிவு போலியும் இல்லை. ஆனால் பணம் போய்விடும், இடமும் கிடைக்காது. எப்படி என்று கீழே சொல்கிறேன்.

இங்க்ஸ் ஏரி மாநிலப் பூங்காவை அவர் பிடித்துக்கொண்டிருப்பதில் ஒரு கணக்கு இருக்கிறது. ஆஸ்டினிலிருந்து வடமேற்கே ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான பயணம். கொலராடோ ஆற்றில் வரிசையாக அணை கட்டி உருவாக்கிய ஆறு ஏரிகளில் இது இரண்டாவது. (அரிசோனாவில் பெரும் பள்ளத்தாக்கைக் குடைந்த கொலராடோ வேறு. இது டெக்சாஸிலேயே பிறந்து டெக்சாஸிலேயே கடலில் சேர்கிற ஆறு.) அணை 1938-ல் கட்டி முடிக்கப்பட்டது. மேலே இருக்கும் புக்கானன் ஏரியும் கீழே இருக்கும் டிராவிஸ் ஏரியும்தான் நீரைத் தேக்கி வைப்பவை. வறட்சி வந்தால் அவற்றின் கரை பல அடி கீழே இறங்கிச் சேறும் கல்லுமாகக் கிடக்கும். இங்க்ஸ் ஏரி வந்த நீரை அப்படியே கீழே கடத்திவிடுவதால் அதன் மட்டம் ஏறக்குறைய மாறுவதே இல்லை. எந்த மாதம் போனாலும் கூடார வாசலுக்குப் பக்கத்தில் தண்ணீர் நிற்கும்.

இளஞ்சிவப்புப் பாறைகள், பிள்ளைகள் மேலிருந்து குதிக்கிற 'டெவில்ஸ் வாட்டர்ஹோல்' மடு, கரையிலிருந்து உரிமம் இல்லாமலே மீன் பிடிக்கலாம் என்ற சலுகை, எல்லாம் சேர்ந்து ஐந்து மாதத்துக்கு முன்பு முன்பதிவு திறந்த உடனேயே வார இறுதி இடங்கள் போய்விடும். மார்ச் கடைசியில் புளூபானட் பூக்கும் காலம் வந்தால் கேட்கவே வேண்டாம். பக்கத்து ஊரான பர்னெட்டுக்கு 'டெக்சாஸின் புளூபானட் தலைநகர்' என்றே பட்டப்பெயர்.

தட்டுப்பாடு இந்த ஒரு பூங்காவோடு நிற்கவில்லை. டெக்சாஸ் நிலத்தில் தொண்ணூற்றைந்து விழுக்காட்டுக்கு மேல் தனியார் கையில் இருக்கிறது. டாலஸுக்கும் ஹூஸ்டனுக்கும் இடையில் ஃபேர்ஃபீல்ட் ஏரியில் ஒரு மாநிலப் பூங்கா இருந்தது. அது குத்தகை நிலம், உரிமையாளர்கள் விற்றுவிட்டார்கள், 2023-ல் பூங்காவே மூடப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில், புதிய பூங்கா நிலம் வாங்குவதற்கென்று நூறு கோடி டாலர் நிதிக்கு மக்கள் வாக்களித்து ஒப்புதல் கொடுத்தார்கள். நிலம் வாங்கி, பாதை போட்டு, குழாய் பதித்து, அதில் நாம் கூடாரம் அடிப்பதற்குள் என் மகள் கல்லூரிக்குப் போய்விடுவாள். அதுவரை இந்தத் தட்டுப்பாட்டில் பிழைப்பு நடத்த ஆட்கள் இருப்பார்கள்.

நம் ஆள் குழுவில் போட்ட செய்தி மிகவும் சாதாரணமானது. "இங்க்ஸ் ஏரியில் நீர்க்கரையை ஒட்டி இரண்டு இடங்கள், மின்சாரம், தண்ணீர் உண்டு. எங்களால் போக முடியவில்லை. போட்ட பணம் வந்தால் போதும்." கூடவே ஒரு படம்: வீட்டுக் கார்க்கூடத்தில் மடித்து வைத்த பச்சை நிறக் கூடாரம், அதன்மேல் சாய்த்த நீலத் தண்ணீர்க் கேன், ஓரத்தில் குழந்தையின் ஒற்றைச் செருப்பு. அந்தச் செருப்பை யோசித்து வைத்தவன் கெட்டிக்காரன்.

தொலைபேசியில் பேசினேன். மதுரைப் பக்கம் என்றார். மனைவி ஏழு மாதக் கர்ப்பம், மருத்துவர் பயணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார், அண்ணியிடம் கேளுங்கள், அவர்களுக்குப் புரியும் என்றார். பூங்காவில் மின்சார வசதி உள்ள இடத்துக்கு ஓர் இரவுக்கு முப்பது டாலருக்குள்தான் ஆகும்; நுழைவுக் கட்டணம் தனி. அவர் கேட்டதும் ஏறக்குறைய அதே தொகைதான். இரண்டு மடங்கு கேட்டிருந்தால் நானே சண்டைக்குப் போயிருப்பேன். "சந்தேகம் இருந்தால் நீங்களே கேட்டுவிடுங்கள் அண்ணா" என்று என்னை இணைப்பில் வைத்துக்கொண்டே மாநிலப் பூங்காக்களின் முன்பதிவு மையத்தை அழைத்தார். அந்தப் பக்கத்தில் இருந்த பெண் பூங்காவின் பெயர், இட எண், தேதி எல்லாவற்றையும் வாசித்தார். எல்லாம் சரியாக இருந்தது. உறுதிச் சீட்டு மின்னஞ்சலில் வந்தது. வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாகப் பணம் போகும் ஸெல் வழியாக அனுப்பச் சொன்னார். பணம் பெறுபவர் என்று திரையில் ஒரு பெண்ணின் பெயர் வந்தது. மனைவியின் கணக்கு என்றார்.

இரண்டு மணிக்கு மேல்தான் இடத்துக்குள் விடுவார்கள் என்பதால் சனிக்கிழமை மதியம் பூங்கா அலுவலகத்தில் வரிசை வாசலைத் தாண்டி நின்றது. எங்கள் முறை வந்தபோது கவுன்டரில் இருந்த பெண்மணி எண்ணைத் தட்டினார், நிறுத்தினார், மறுபடி தட்டினார். "இது ரத்தாகிப் பத்து நாளாகிறது." சீட்டை நீட்டினேன். அதைப் படித்துவிட்டு, சீட்டு உண்மையானதுதான், ஆனால் இப்போது அந்த இடத்தில் வேறொரு குடும்பம் முறைப்படி பதிந்திருக்கிறது என்றார். எங்களுக்குப் பின்னால் ஒரு ஆள், கையில் தூண்டிலோடு ஒரு பையன். அந்த ஆள் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, "சார், அது என் எண்" என்றார். தமிழில்.

ஹூஸ்டனிலிருந்து நான்கு மணி நேரம் வண்டி ஓட்டி வந்திருக்கிறார்கள். அதே சீட்டு, அதே எண், அதே இரண்டு இடங்கள். அலுவலகத்துக்கு வெளியே நின்று இரண்டு தொலைபேசிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். அதே பச்சைக் கூடாரம், அதே ஒற்றைச் செருப்பு. கதை மட்டும் வேறு: எங்களுக்குப் பிரசவம், அவர்களுக்கு இழவு. "அப்பா தவறிவிட்டார், இன்று இரவு விமானம்" என்று அழுதிருக்கிறார். ஹூஸ்டன்காரரின் மனைவி ஆறுதல் சொல்லிவிட்டு, கேட்டதற்குமேல் இருபது டாலர் சேர்த்து அனுப்பியிருக்கிறார். அவர்களுக்குக் காட்டிய பெயரும் வேறு. அது மைத்துனர் கணக்காம்.

வித்தை இவ்வளவுதான். முன்பதிவு திறக்கும் நாளில் தன் கணக்கில் உண்மையாகவே இடம் பிடிக்கிறார். அதை ஒருவருக்கு அல்ல, ஒவ்வொரு குழுவிலும் ஒருவருக்கு விற்கிறார். விற்று முடித்ததும் ரத்து செய்கிறார். போதிய நாட்களுக்கு முன்பு ரத்து செய்தால் சிறு கட்டணம் போக மீதி திரும்பி வந்துவிடும். ஆக அவருக்குக் கைமுதல்கூட நஷ்டமில்லை. நீங்கள் பூங்காவை அழைத்து விசாரித்தாலும், எண்ணைச் சரிபார்த்தாலும், அந்த நிமிடத்தில் அது உண்மை. முன்பதிவு யார் கணக்கில் இருக்கிறதோ அவர் அடுத்த நிமிடமே அதை அழிக்கலாம், உங்களுக்கு ஒரு வரிச் செய்திகூட வராது. எனவே "விசாரித்துவிட்டுத்தான் பணம் அனுப்பினேன்" என்று யாராவது சொன்னால், அந்த விசாரணைக்கு மதிப்பில்லை என்று சொல்லுங்கள்.

கவுன்டர் பெண்மணியைக் குறை சொல்ல எதுவும் இல்லை. இரவு தங்க இடமில்லை என்றாலும், பகல் நுழைவு வாங்கிய யாரோ வராததால் எங்கள் இரண்டு வண்டிகளுக்கும் பகல் அனுமதி கொடுத்தார். பிள்ளைகள் மடுவில் நனைந்தார்கள். புளியோதரையைப் பாறைமேல் வைத்துத் தின்றோம். இருட்டிய பிறகு கிளம்பினோம். பர்னெட்டில் விடுதி அறை எதுவும் கிடைக்கவில்லை. ஹூஸ்டன் குடும்பத்தை எங்கள் வீட்டுக்கே அழைத்து வந்தோம். பிள்ளைகள் விடாப்பிடியாகக் கொல்லைப்புறத்தில் கூடாரம் அடித்துத்தான் தூங்கினார்கள். எங்கள் குடியிருப்புச் சங்கம் பார்த்திருந்தால் அதற்கும் ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்திருக்கும்.

பிறகு நடந்தவை எரிச்சலூட்டுபவை. வங்கியில், "நீங்களே விரும்பி அனுப்பிய பணம், திருட்டு என்று எடுத்துக்கொள்ள முடியாது" என்றார்கள். யாரோ நம் கணக்கில் புகுந்து எடுத்தால் சட்டம் நமக்குத் துணை. நாமே பொத்தானை அழுத்தினால் பெரும்பாலும் துணை இல்லை. கடன் அட்டையில் கட்டியிருந்தால் பொருள் வரவில்லை என்று மறுப்புத் தெரிவிக்கலாம். அதனால்தான் இந்த ஆள் கடன் அட்டையின் பக்கமே போவதில்லை.

அதைவிட எரிச்சல், குழு நிர்வாகி ஒருவர் எனக்குத் தனியாக அனுப்பிய செய்தி. "அண்ணா, அவரை நீக்கிவிட்டோம். பொதுவில் எழுத வேண்டாம், நம் ஆட்களுக்குத்தான் கெட்ட பெயர்." எந்த நம் ஆட்கள்? ஏமாற்றியவனும் நம் ஆள், ஏமாந்த குடும்பங்களும் நம் ஆட்கள். பெயர் கெடாமல் பாதுகாக்கப்படுவது அவன் ஒருவனுக்குத்தான். குழுவிலிருந்து நீக்கப்பட்டவன் வேறு எண்ணோடு பக்கத்துக் குழுவில் அதே செருப்புப் படத்தைப் போடுவதற்கு எத்தனை நேரம் ஆகும்? டாலஸ் பக்கத்து நண்பர் ஒருவர் போன வாரம் அந்தப் படத்தை எனக்கு அனுப்பினார். இந்த முறை வேலை போய்விட்டதாம். ஏரியும் வேறு, பாஸம் கிங்டம்.

இடம் வேண்டும் என்றால் வழி இல்லாமல் இல்லை. மாநிலப் பூங்காக்களின் முன்பதிவுத் தளத்திலேயே, நிரம்பிவிட்ட தேதிக்கு யாராவது ரத்து செய்தால் தெரிவிக்கச் சொல்லிப் பதிந்து வைக்கலாம். காசு கிடையாது. புறப்படும் வாரத்தில் நிறைய ரத்தாகும், செய்தி வந்த உடனே பிடிக்க வேண்டும், அவ்வளவுதான். ஞாயிறு முதல் வியாழன் வரை பள்ளிக் காலத்தில் இடம் கிடைப்பது எளிது. நவம்பருக்கு மேல் இங்க்ஸ் கரை அமைதியாக இருக்கும், கொசுவும் குறைவு. என் கருத்தில் அதுதான் அங்கே போக நல்ல காலம், குளிக்க ஆசைப்படாதவர்களுக்கு. ஆண்டுக் கட்டணம் கொடுத்து மாநிலப் பூங்கா அட்டை வாங்கினால் உங்கள் வண்டியில் வருபவர்கள் எல்லோருக்கும் நுழைவுக் கட்டணம் இல்லை. குடும்பத்தோடு சில முறை போனாலே கட்டிய பணம் வந்துவிடும்.

மாநிலப் பூங்காதான் வேண்டும் என்ற பிடிவாதத்தையும் கொஞ்சம் தளர்த்தலாம். ஜார்ஜ்டவுன் ஏரி, பெல்டன் ஏரி, ஸ்டில்ஹவுஸ் ஹாலோ ஏரி ஆகியவற்றின் கரைகளில் ராணுவப் பொறியாளர் படை நடத்தும் கேம்பிங் இடங்கள் உண்டு. அவற்றுக்கு மத்திய அரசின் முன்பதிவுத் தளம் தனியாக இருக்கிறது. புக்கானன் ஏரிக்கரையில் ஆற்று ஆணையம் நடத்தும் பிளாக் ராக் பூங்கா, இங்க்ஸிலிருந்து சிறிது தொலைவுதான். நம்மவர்களில் பலர் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

இரண்டு குடும்பமும் உள்ளூர்க் காவல் நிலையத்திலும், எஃப்.பி.ஐ.யின் இணையக் குற்றப் புகார் மையத்திலும் புகார் பதிந்திருக்கிறோம். ஒவ்வொருவர் இழந்தது சிறு தொகை என்பதால் தனித்தனியாகப் போனால் கோப்பு அப்படியே கிடக்கும். ஒரே எண், ஒரே படம், ஒரே வித்தை என்று பத்துப் பேர் சேர்ந்தால் கதை வேறு. பச்சைக் கூடாரமும் நீலக் கேனும் உங்கள் குழுவில் வந்திருந்தால், பணம் கொடுத்திருந்தாலும் கொடுக்காவிட்டாலும், அந்த உரையாடலை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். அவர் பேசிய எண், பணம் பெற்றவர் பெயராகத் திரையில் வந்தது, தேதி, தொகை, உறுதிச் சீட்டின் எண் ஆகிய விவரங்களை எனக்குத் தனிச் செய்தியில் அனுப்புங்கள். பொதுவில் போட வேண்டாம். ஹூஸ்டன் நண்பர் எல்லாவற்றையும் ஒரே பட்டியலாகத் தொகுத்து, புகாரோடு சேர்க்கப்போகிறார்.