பலமுறை தோற்ற பிறகு புகையை விடுவது: எந்த வழி, யாருக்கு?

இரவு பதினொரு மணிக்கு, பாக்கெட்டில் மிச்சமிருந்த நான்கு சிகரெட்டுகளையும் குழாய்த் தண்ணீரில் நனைத்து நசுக்கிக் குப்பையில் போட்டுவிட்டுப் படுத்தவன், மறுநாள் காலை கடை திறப்பதற்கு முன்பே வாசலில் போய் நின்றேன். அது என் நான்காவது முயற்சி. அதற்கு முன் மூன்று முறையும் பின் இரண்டு முறையும் இதே போல் விட்டுவிட்டு மீண்டும் தொட்டிருக்கிறேன். ஏழாவது முறை விட்டதுதான் இன்றுவரை நிற்கிறது. ஒவ்வொரு தோல்விக்கும் 'எனக்கு மன உறுதி போதாது' என்ற ஒரே காரணத்தையே எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தக் காரணம் பிழையானது என்பதும், அடுத்த முயற்சியைத் தள்ளிப்போடுவதற்கு அதைவிட வசதியான சாக்கு கிடையாது என்பதும் வெகுகாலம் கழித்தே எனக்கு விளங்கின.

எந்த உதவியும் இல்லாமல் விட முயல்பவர்களில் ஆறு மாதமோ ஓராண்டோ தாக்குப்பிடிப்பவர்கள் நூற்றுக்கு 3 முதல் 5 பேர் மட்டுமே என்பது பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த கணக்கு. கனடாவில் புகைப்பவர்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து 2016-இல் வெளியான ஓர் ஆய்வு, ஒருவர் முழுமையாக விடுவதற்குள் 30 முறையோ அதற்கு மேலோ முயல வேண்டியிருக்கலாம் என்று மதிப்பிட்டது. ஐந்தாறு முறை தோற்றவர் தன்னைக் கோழை என்று எண்ணிக்கொள்ள இந்தக் கணக்கில் இடமே இல்லை. தனியாக, வெறுங்கையோடு இறங்கிய எல்லோருக்கும் நேர்வதுதான் அவருக்கும் நேர்ந்திருக்கிறது.

ஆறு தோல்விகளையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றும் எந்த நாளில் முறிந்தது என்று குறித்துப் பார்த்த பிறகே எனக்கு வழி தெரிந்தது. மூன்று முறை முதல் நான்கு நாட்களுக்குள் முறிந்திருந்தன. இரண்டு முறை மூன்றாவது, நான்காவது வாரங்களில். ஒரு முறை ஐந்தாம் மாதத்தில். முதல் வகை உடலின் தோல்வி: இரத்தத்தில் உள்ள நிகோட்டின் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைவதால், எரிச்சலும் தூக்கமின்மையும் கவனச் சிதறலும் இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போகின்றன. இரண்டாம் வகை பழக்கத்தின் தோல்வி. மூன்றாம் வகை, 'இனி ஒன்றே ஒன்று பிடித்தால் என்ன' என்ற நப்பாசையின் தோல்வி. கீழே ஒப்பிடும் வழிகளில் எது சிறந்தது என்று பொதுவாகக் கேட்பதைவிட, நீங்கள் முறிந்த இடத்தில் எது தாங்கும் என்று கேட்பதே சரியான கேள்வி என்பது என் கருத்து.

உறுதி பிறக்கும்வரை காத்திருப்பதா, நாள் குறிப்பதா?

நம்மிடம் மயான வைராக்கியம் என்றொரு சொல் இருக்கிறது. சுடுகாட்டில் நிற்கும்போது பிறக்கும் பற்றின்மை வீடு திரும்புவதற்குள் கரைந்துபோவதைக் குறிக்கும் அந்தச் சொல், புகைப்பவர்களின் பெரும்பாலான சபதங்களுக்கும் பொருந்தும். இருமலில் இரத்தத் துளியைக் கண்டபோதோ, நெருங்கிய ஒருவர் மருத்துவமனையில் கிடந்தபோதோ எடுத்த முடிவு, அந்த அச்சம் தணிந்ததும் தானும் தணிந்துவிடுகிறது. அதனால் அச்சத்தை நம்பாதீர்கள், அமைதியாக ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள் என்பதே ஆலோசகர்கள் வழக்கமாகச் சொல்வது.

ஆனால் இங்கிலாந்தில் நடந்து 2006-இல் வெளியான ஒரு கணக்கெடுப்பு இந்த அறிவுரையைச் சற்று அசைத்துப் பார்த்தது. முயன்றவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் எந்த முன்திட்டமும் இல்லாமல் அந்தக் கணமே விட்டவர்கள். அவர்களில் ஆறு மாதம் தாண்டியவர்கள் சுமார் 65 சதவீதம், திட்டமிட்டு விட்டவர்களில் தாண்டியவர்கள் சுமார் 42 சதவீதம். இவை முயன்றவர்கள் பின்னர் நினைவிலிருந்து சொன்னவை என்பதால், மற்ற ஆய்வுகளின் எண்களைவிட உயர்ந்து தெரிகின்றன. கடுமையாக அடிமைப்பட்டவர்களே திட்டமிட வேண்டிய கட்டாயத்தில் இருக்கிறார்கள் என்பதும் இந்த வேறுபாட்டுக்குக் காரணமாக இருக்கலாம். இருந்தாலும் ஒன்று மட்டும் தெளிவு: வேகம் வந்த கணத்தில், 'குறித்த நாள் அடுத்த மாதம்தானே' என்று அதை ஆறப்போடக் கூடாது. அந்த வேகத்தை, அது ஆறுவதற்குள், ஒரு ஏற்பாடாக மாற்றிவிட வேண்டும். மருத்துவரிடம் நேரம் கேட்பதும், கையிருப்பை அழிப்பதும், உடன் இருப்பவரிடம் சொல்வதும் அந்த ஒரு மணி நேரத்துக்குள் நடந்துவிட்டால், நாளைக்கு வைராக்கியம் வடிந்தாலும் ஏற்பாடு நிற்கும். வேகம் வராதவர் அதற்காகக் காத்திருக்க வேண்டாம். அவர் நாள் குறிப்பதே நல்லது, அதுவும் இரண்டு வாரத்துக்குள்.

ஒரேயடியாகவா, படிப்படியாகவா?

2016-இல் பிரிட்டனில் 697 பேரை வைத்து இதை நேருக்கு நேர் சோதித்தார்கள். ஒரு பிரிவினர் குறித்த நாளில் ஒரேயடியாக நிறுத்தினார்கள். மறுபிரிவினர் அதற்கு முந்தைய இரண்டு வாரங்களில் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே வந்து, அதே போல் குறித்த நாளில் நிறுத்தினார்கள். இரு பிரிவினருக்கும் தோலில் ஒட்டும் நிகோட்டின் பேட்ச்சும் ஆலோசனையும் தரப்பட்டன. நான்காவது வார முடிவில் ஒரேயடியாக நிறுத்தியவர்களில் 49 சதவீதமும், குறைத்து நிறுத்தியவர்களில் 39 சதவீதமும் புகையாமல் இருந்தார்கள். ஆறாவது மாதத்தில் அந்த எண்கள் 22 என்றும் 15.5 என்றும் இறங்கின. இடைவெளி இறங்கியும் மறையவில்லை.

என் அனுபவமும் இதற்கு ஒத்துப்போகிறது. ஒரு நாளைக்குப் பதினைந்திலிருந்து ஐந்துக்குக் குறைத்த காலத்தில், மிச்சமிருந்த அந்த ஐந்தும் எனக்குப் பொன்னாகிவிட்டன. அடுத்ததற்கு இன்னும் எத்தனை நிமிடம் என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நாள் கழிந்தது. எண்ணிக்கை குறையும்போது நம்மை அறியாமலே ஆழமாகவும் அடிவரையிலும் இழுக்கிறோம் என்பதால், உடலுக்குள் போகும் நஞ்சு எண்ணிக்கையின் அளவுக்குக் குறைவதுமில்லை. ஆயினும் ஒரேயடியாக நிறுத்தும் எண்ணமே ஒருவரை முயற்சியிலிருந்து விரட்டுகிறது என்றால், அவருக்குப் படிப்படியான வழி தாராளமாக உதவும். அதில் நிறுத்தும் நாள் ஒன்று உறுதியாகக் குறிக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. முடிவு நாள் இல்லாத குறைப்பு, என் கண்ணில், புகைப்பதற்கு இன்னொரு பெயர்.

மனதுக்குள் சபதம், ஊரறியச் சபதம், பணயம் வைத்த சபதம்

மனதுக்குள் எடுக்கும் சபதத்தின் வலிமையும் பலவீனமும் ஒன்றுதான்: அதை மீறினால் யாருக்கும் தெரியாது. எல்லோரிடமும் அறிவிப்பது அதற்கு நேர் எதிரானது, ஆனால் பலமுறை தோற்றவருக்கு அதில் ஒரு முள் இருக்கிறது. ஏழாவது முறை அறிவிக்கும்போது கேட்பவர் முகத்தில் தெரியும் அந்த அரைப் புன்னகை உறுதியைக் கூட்டுவதில்லை. தோற்றால் ஒளிந்து புகைக்கவும் அது தூண்டுகிறது. ஒளிந்து புகைக்கத் தொடங்கியவருக்கு உதவி கேட்கும் வாசலும் அடைபட்டுவிடுகிறது. நான் கடைசி முறை ஒரே ஒருவரிடம்தான் சொன்னேன். என் மனைவியிடம், 'நான் விட்டுவிட்டேனா என்று கேட்காதே. இன்று எப்படி இருந்தது என்று மட்டும் கேள்' என்று கேட்டுக்கொண்டேன். அந்தக் கேள்விக்குப் பொய் சொல்ல வேண்டிய தேவையே எழவில்லை.

பணயம் வைப்பது பற்றி நல்ல சோதனைகள் இருக்கின்றன. பிலிப்பைன்ஸில் ஒரு வங்கி வழியாக நடந்து 2010-இல் வெளியான ஆய்வில், புகைப்பவர்கள் தங்கள் சொந்தப் பணத்தை ஆறு மாதம் கணக்கில் போட்டு வர வேண்டும். முடிவில் சிறுநீர்ப் பரிசோதனையில் நிகோட்டின் தென்பட்டால் முழுப் பணமும் அறச்செயலுக்குப் போய்விடும். அழைக்கப்பட்டவர்களில் 11 சதவீதத்தினரே இதை ஏற்றார்கள். ஆனாலும் அழைப்புப் பெற்ற பிரிவு முழுவதையும் சேர்த்தே பார்த்தபோது, அழைப்புப் பெறாதவர்களைவிடச் சோதனையில் தேறியவர்கள் 3 சதவீதப் புள்ளிகள் அதிகம். அமெரிக்காவில் 2015-இல் வெளியான இன்னொரு ஆய்வில், விட்டால் பரிசு என்ற திட்டத்தை 90 சதவீதம் பேர் ஏற்றார்கள். முதலில் சொந்தப் பணத்தைக் கட்டு என்ற திட்டத்தை 13.7 சதவீதம் பேரே ஏற்றார்கள். எனவே மொத்தத்தில் வென்றது பரிசுதான். ஆனால் இரண்டில் எதைத் தந்திருந்தாலும் ஏற்றிருக்கக்கூடியவர்களை மட்டும் பிரித்துப் பார்த்தால், சொந்தப் பணத்தைக் கட்டியவர்களே அதிகம் தேறினார்கள்.

பணயத்தின் பயன் பணத்தின் அளவில் இல்லை. உறுதியாக இருக்கும் ஞாயிற்றுக்கிழமை மனிதன், தளர்ந்துபோகப் போகும் வியாழக்கிழமை மனிதனின் கையை முன்கூட்டியே கட்டிவைக்க முடிகிறது என்பதில் இருக்கிறது. மூன்றாவது நான்காவது வாரத்தில் முறிபவருக்கு இது நன்றாகப் பொருந்தும். மூன்றாம் நாளில் முறிபவருக்குப் போதாது. உடல் கேட்கும்போது அவர் பணத்தையும் விட்டுவிடுவார்.

வெறுங்கையா, மருந்தா?

மருந்தில்லாமல் விடுவதே வீரம் என்ற எண்ணம் என் முதல் நான்கு முயற்சிகளைக் கெடுத்தது. உலக சுகாதார நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், ஆலோசனையோடு சேர்த்து வேரனிக்ளின், நிகோட்டின் மாற்று (பேட்ச், கம் போன்றவை), புப்ரோபியான், சைட்டிசின் ஆகிய நான்கு மருந்துகளையும் பரிந்துரைக்கிறது. 16 நாடுகளில் 8,144 பேரிடம் நடந்து 2016-இல் வெளியான பெரிய ஆய்வில், மருந்து தொடங்கிய 9-ஆவது வாரம் முதல் 24-ஆவது வாரம் வரை தொடர்ந்து புகைக்காமல் இருந்தவர்கள் வேரனிக்ளினில் 21.8 சதவீதம், புப்ரோபியானில் 16.2, பேட்ச்சில் 15.7, ஒப்பீட்டுக்காகத் தந்த மருந்தில்லா வெற்று மாத்திரையில் 9.4. வேரனிக்ளின் மனநிலையைக் குலைக்கும் என்று முன்பு எழுந்த அச்சத்தை இந்த ஆய்வு பெருமளவு தணித்தது. குமட்டலும் விசித்திரமான கனவுகளும் பலருக்கு வருவது உண்மை. உணவுக்குப் பின் நிறையத் தண்ணீரோடு விழுங்கினால் குமட்டல் குறையும். வேரனிக்ளினை, புகையை நிறுத்தும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே தொடங்கி 12 வாரம் சாப்பிட வேண்டும். வலிப்பு நோய் உள்ளவர்களுக்குப் புப்ரோபியான் ஆகாது. எந்த மாத்திரையையும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. கர்ப்பிணிகளுக்கு இது இன்னும் கண்டிப்பாகப் பொருந்தும்.

பேட்ச்சும் கம்மும் போட்டியாளர்களைப் போல் தோன்றினாலும், அவற்றைச் சேர்த்துப் பயன்படுத்துவதே தனித்தனியாகப் பயன்படுத்துவதைவிட நல்ல பலன் தருகிறது. பேட்ச் நாள் முழுதும் மெல்ல நிகோட்டினைக் கசியவிட்டு அடித்தளத்தைத் தாங்குகிறது. திடீரென எழும் வேட்கைக்குக் கம் உதவுகிறது. என் ஐந்தாவது முயற்சியில் கம்மைச் சாதாரணச் சூயிங்கம் போல விடாமல் மென்று, விக்கலும் நெஞ்செரிச்சலும் வந்து, 'இது எனக்கு ஒத்துவராது' என்று தூக்கிப் போட்டேன். அதைச் சில முறை மென்று, காரமான சுவை எழுந்ததும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கிவைக்க வேண்டும். சுவை மங்கியதும் மீண்டும் மென்று, இடம் மாற்றி ஒதுக்க வேண்டும். நிகோட்டின் வாயின் உட்சவ்வு வழியாகவே ஏற வேண்டும், விழுங்கினால் வீண். காபி போன்ற அமிலப் பானங்களைக் குடித்த கால் மணி நேரத்துக்குள் மென்றாலும் சரியாக ஏறாது. எழுந்த அரை மணி நேரத்துக்குள் முதல் சிகரெட்டைப் பற்றவைப்பவருக்கு 2 மில்லிகிராம் கம் போதாது, 4 மில்லிகிராம் வேண்டும். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. அந்த முயற்சி தோற்றதற்கு நான் என் குணத்தைப் பழித்தேன்.

காபியைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். புகையில் உள்ள சேர்மங்கள் கல்லீரலைத் தூண்டிக் காஃபீனை வேகமாகச் சிதைக்க வைக்கின்றன. புகையை நிறுத்தியதும் அந்த வேகம் குறைவதால், வழக்கமாகக் குடிக்கும் அதே அளவு காபி உடலில் கூடுதலாகத் தேங்கிப் படபடப்பும் தூக்கமின்மையும் தருகிறது. அதை நிகோட்டின் ஏக்கம் என்று தவறாக எண்ணிப் பலர் மீண்டும் பற்றவைக்கிறார்கள். முதல் வாரத்தில் காபியைப் பாதியாக்கியது எனக்கு எந்த உறுதிமொழியையும்விட அதிகம் உதவியது.

இ-சிகரெட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிரிட்டனில் 886 பேரிடம் நடந்து 2019-இல் வெளியான சோதனையில், ஓராண்டு முடிவில் அதைப் பயன்படுத்தியவர்களில் 18 சதவீதமும் நிகோட்டின் மாற்றைப் பயன்படுத்தியவர்களில் 9.9 சதவீதமும் சிகரெட்டை விட்டிருந்தார்கள். ஆனால் அப்படி விட்டவர்களில் 80 சதவீதம் பேர் இ-சிகரெட்டை விடவில்லை. மறுபக்கத்தில் நிகோட்டின் மாற்றைத் தொடர்ந்தவர்கள் 9 சதவீதமே. சில நாடுகளில் அது தடை செய்யப்பட்டும் இருக்கிறது. நிகோட்டினிடமிருந்தே விடுபட விரும்பியதால் நான் அதன் பக்கம் போகவில்லை.

சறுக்கினால்

இந்த வழிகளை ஒப்பிடும்போது, ஒரு சறுக்கலை ஒவ்வொன்றும் எப்படி நடத்துகிறது என்பதையும் பார்க்க வேண்டும். சபதம் மட்டும் உள்ளவருக்கு ஒரு சிகரெட் என்பது சபதம் உடைந்த செய்தி; உடைந்த பானையில் தண்ணீர் எதற்கு என்று அன்றே பழைய குருடி கதவைத் திறக்கிறாள். மருந்தும் ஏற்பாடும் உள்ளவருக்கு அது நடுவில் வந்த ஒரு கெட்ட மணி நேரம்.

ஏழாவது முறை, ஆறாவது வாரத்தில், வேலையில் நேர்ந்த ஒரு வாக்குவாதத்துக்குப் பிறகு நண்பர் நீட்டிய சிகரெட்டை வாங்கிப் பாதிவரை இழுத்தேன். தலை சுற்றியது. பழைய வழக்கப்படி அடுத்து என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரியும்: அன்று மாலை ஒரு பாக்கெட், மறுநாள் பழைய கணக்கு. ஆனால் சட்டைக் கையை மடித்தபோது இடது தோளுக்குக் கீழே காலையில் ஒட்டிய பேட்ச் இருந்தது. ஒரு சிகரெட்டுக்காக அதைக் கழற்ற வேண்டியதில்லை, அப்படியே தொடருங்கள் என்று மருத்துவர் முதல் நாளே சொல்லியிருந்தார். மிச்சத்தை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். 'இன்று எப்படி இருந்தது' என்று மனைவி கேட்டபோது நடந்ததைச் சொன்னேன். மறுநாள் காலை குளித்து, வலது தோளைத் துடைத்து, புதிய பேட்ச் ஒன்றை ஒட்டி, ஓரங்கள் நன்றாகப் பிடிக்கும்வரை உள்ளங்கையால் பத்து விநாடி அழுத்திக்கொண்டு நின்றேன்.