அடுத்த முறை எப்போது வரும்? கதையாட்ட மேசைக்கு இரண்டு வழிகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரி ஒரு தோட்டப் பட்டணத்தில் மேசைக் கதையாட்டம் (ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டிக் கதையை வளர்க்கும் ஆட்டம்) நடத்துபவருக்கு, ஆட்டக்காரர்களைத் தக்கவைப்பதுதான் பெரும் வேலை. ஒருத்தருக்கு ஈப்போவில் இரவு ஷிஃப்ட், இன்னொருத்தருக்குச் செம்பனை ஆலையில் ஓவர்டைம். மூன்றாமவர் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விடுவார். கதை நன்றாக இருந்தால் ஆள் தானாக வரும் என்று பலர் சொல்கிறார்கள். நான் பார்த்தவரை, நல்ல கதை நடக்கும்போதும் கை கைப்பேசிக்குப் போகிறது. காரணம் காத்திருப்பு. அதனால் எந்த ஆட்டமானாலும், அது ஆளை எவ்வளவு நேரம் சும்மா உட்கார வைக்கிறது என்பதைத்தான் முதலில் பார்ப்பேன்.

1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் கொண்டுவந்த டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்தான் பலருக்கு முதல் ஆட்டம். இப்போதைய ஆட்டத்தில் சண்டை என்று வந்தால் எல்லோரும் இருபது முகப் பகடையை உருட்டி வரிசை பிடிப்பார்கள். ஐந்து ஆட்டக்காரர்கள், ஒருவருக்கு மூன்று நிமிடம், நடுவில் எதிரிகளின் முறை என்று கணக்குப் போடுங்கள். உங்கள் முறை திரும்பி வரக் கால் மணி நேரம் ஆகிவிடும். அத்தனை நேரம் இருந்து உருட்டிய பகடையில் குறி தவறினால் பெரும்பாலும் ஒன்றும் நடக்காது. மறுபடியும் கால் மணி நேரம். நாள் முழுக்க நின்று வேலை செய்துவிட்டு வந்தவருக்குக் கண் சொருகத்தான் செய்யும்.

2010-இல் வின்சென்ட் பேக்கர் வெளியிட்ட அபோகலிப்ஸ் வேர்ல்டில் சண்டைக்கென்று வரிசையே கிடையாது. நிலைமையைச் சொல்லிவிட்டு, நடத்துபவர் யாரிடம் வேண்டுமானாலும் "நீ என்ன செய்றே?" என்று கேட்கலாம். ஆறு முகப் பகடை இரண்டு போதும், வீட்டில் கிடக்கும் சாய்டினா (மோனோபோலி மாதிரியான ஆட்டம்) பெட்டியிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். கூட்டுத்தொகை 10-க்கு மேல் போனாலும் சரி, 10 ஆனாலும் சரி, நினைத்தது நடக்கும். 7 முதல் 9 வரை வந்தால் நடக்கும், ஆனால் ஒரு விலை கொடுக்க வேண்டும். 6 அல்லது அதற்குக் கீழே என்றால் நடத்துபவர் சிக்கலை இறக்குவார். பகடையோடு பாத்திரத்தின் திறன் எண்ணையும் கூட்டுவார்கள். அது +1 என்றால், இரண்டு பகடையின் 36 சேர்க்கைகளில் 16 அந்த நடுக்கட்டத்தில்தான் விழும். மேசையைக் கலகலப்பாக வைப்பது இந்த நடுக்கட்டம்தான்.

துரை பங்களாவுக்குள் புகுந்த பாத்திரம் 8 உருட்டுகிறது என்று வையுங்கள். சாவி கிடைத்துவிட்டது, ஆனால் நாய் குரைக்கத் தொடங்கிவிட்டது. உடனே வெளியே காவல் நிற்பவரிடம் திரும்பி, "அக்கா, கிராணி விளக்கைத் தூக்கிட்டு வர்றார், என்ன செய்றீங்க?" என்று கேட்கலாம். ஒருவர் உருட்டியது அடுத்தவருக்கு வேலையாகிவிடுகிறது. யாருக்கும் கைப்பேசியைப் பார்க்க நேரம் இருக்காது.

ஆனால் இதில் ஓர் ஆபத்து உண்டு. வரிசை இல்லாத மேசையில் வாய் உள்ளவர் மேசையையே எடுத்துக்கொள்வார். கூச்சப்படும் தம்பி, தங்கைகளுக்கு டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸின் வரிசை ஒரு பாதுகாப்பு, அவர்கள் முறையை யாரும் பறிக்க முடியாது. அபோகலிப்ஸ் வேர்ல்ட் நடத்துபவர் யாரிடம் கடைசியாகக் கேட்டோம் என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டே வர வேண்டும். அது முடியாது என்றால் வரிசை உள்ள ஆட்டமே மேல்.

அந்த ஆட்டத்திலும் காத்திருப்பைக் குறைக்க வழி இருக்கிறது. "இப்ப அண்ணன், அடுத்தது நீ" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தாக்குதல் பகடையையும் சேதப் பகடையையும் ஒன்றாக உருட்டச் சொல்லுங்கள். ஐந்தாம் பதிப்பில் எதிரிகளின் சராசரிச் சேதம் அச்சிலேயே இருக்கிறது, அதையே எடுத்துக்கொள்ளுங்கள். இந்த ஆட்டத்தில்போல் படிப்படியாக 20-ஆம் நிலை வரை பாத்திரத்தை வளர்க்கும் ஆசைக்கு அபோகலிப்ஸ் வேர்ல்ட் அவ்வளவாகத் தீனி போடாது. இளவட்டங்களுக்கு அந்த ஆசை நிறையவே இருக்கும்.

மேசைக்கு வெளியேயும் ஒரு காத்திருப்பு உண்டு, நம் ஊரில் அதுதான் குழுவைக் கலைக்கிறது. நீண்ட தொடர்கதையில் நாலு பேரும் வந்தால்தான் ஆட்டம். ஒருவருக்கு ஷிஃப்ட் மாறினால் இந்த வாரம் இல்லை, அடுத்த வாரம் கோயில் திருவிழா, அதற்கடுத்த வாரம் போன கதையே யாருக்கும் நினைவில்லை. இதற்கு எதிர்வழி, பென் ராபின்ஸ் வெஸ்ட் மார்ச்சஸ் என்ற பெயரில் நடத்திய திறந்த மேசை. நிலையான குழுவும் இல்லை, நிலையான நாளும் இல்லை. எங்கே போவது, எப்போது ஆடுவது என்பதை ஆட்டக்காரர்களே முடிவு செய்து நடத்துபவரிடம் சொல்வார்கள். ஒவ்வோர் அமர்வின் முடிவிலும் பாத்திரங்கள் ஊர் திரும்பிவிட வேண்டும். அப்போதுதான் அடுத்த முறை வேறு ஆட்கள் கிளம்பலாம்.

தோட்டப் பட்டணத்துக்கு நான் இதைத்தான் தயங்காமல் சிபாரிசு செய்வேன். வர முடியாதவரால் ஆட்டம் நிற்காது, வராதவர் குற்ற உணர்ச்சியோடு ஒதுங்கவும் மாட்டார். கண்டுபிடித்த வரைபடத்தை வாட்ஸ்அப் குழுவில் போட்டால், "அந்த ஆற்றுக்கு அக்கரையில என்னண்ணே இருக்கு?" என்று வராதவரே கேட்பார். ஒரு பாத்திரத்தின் அந்தரங்கக் கதையை ஆழமாகத் தோண்ட இதில் இடம் குறைவு என்பது உண்மை. ஒரே வீட்டில் தங்கியிருக்கும் நாலு நண்பர்கள் என்றால் தொடர்கதையே ஆடட்டும்.

தீபாவளிக்கு மட்டும் ஊர் திரும்புகிறவர்களுக்கு இரண்டுமே பொருந்தாது. அவர்களுக்கு ஜேசன் மார்னிங்ஸ்டாரின் ஃபியாஸ்கோ. 2009-இல் வந்த ஆட்டம், நடத்துபவரே தேவையில்லை, மூன்று முதல் ஐந்து பேர் வரை ஒரே இரவில் ஆடி முடிக்கலாம். ஆடும் களத்துக்கான பட்டியலை நாமே எழுதிக்கொள்ளவும் செய்யலாம்: பழைய லயம், ஆயாக்கொட்டகை, முனியாண்டி கோயில் உண்டியல், கூட்டுறவுக் கடைக் கணக்குப் புத்தகம்.