டி5 கியர்பாக்ஸ் பொருத்தும் அடாப்டர் தட்டு: பழைய ஷெவர்லே பிக்கப்புக்கு ஏற்றதா?

1950-களின் தொடக்கத்தில் வந்த ஷெவர்லே 3100 பிக்கப்பில், ஐந்து கியர்கள் கொண்ட போர்க்வார்னர் டி5-ஐப் பொருத்துவதற்காக நான் வாங்கிய அடாப்டர் தட்டு, வேலைப்பாட்டில் முழு மனநிறைவைத் தந்தது. துளைகள் பெல் ஹவுசிங்கோடு (இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் இடையிலுள்ள கூடு) பிசகின்றிப் பொருந்தின. ஆயினும் போல்ட்டுகளை இறுக்கியபின் டயல் இண்டிகேட்டரை (நுண்ணிய விலகலை முள்ளால் காட்டும் கருவி) வைத்து மையத்தைச் சரிபார்ப்பதை யாரும் தவிர்க்கக் கூடாது, ஏனெனில் முள்ளின் மொத்த அசைவு 0.005 அங்குலத்தைத் தாண்டினால் கியர்பாக்ஸின் முன்தண்டின் பேரிங் விரைவில் தேயும், ஓட்டத்தில் கியரும் கழன்றுவிடக்கூடும். ஷெவர்லேயின் பிற்கால எஸ்-10 பிக்கப்பிலிருந்து எடுத்த டி5-இல் கியர் லீவர் முன்தள்ளி இருப்பதால் இருக்கையில் இடிப்பதில்லை.

குறை, தட்டோடு வந்த கையேட்டில்தான். 1954 வரையிலான 3100-இல், கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குச் சுழற்சியைக் கடத்தும் டிரைவ் ஷாஃப்ட் மூடிய குழாய்க்குள் சுழல்கிறது. பின் அச்சின் உந்துவிசையைத் தாங்குவதும் அக்குழாயே. டி5-ஓ திறந்த டிரைவ் ஷாஃப்டோடு இணைவது; ஆகவே அதைப் பொருத்துபவர் பின் அச்சை மாற்றவோ, திறந்த டிரைவ் ஷாஃப்டுக்கு ஏற்பத் திருத்தவோ வேண்டும். செலவில் பெரும்பகுதி அங்கேதான் போகிறது. கையேடோ அதைப்பற்றி வாயே திறக்கவில்லை. வாங்குமுன் வாடிக்கையாளருக்குத் தெரிந்திருக்க வேண்டிய முதல் செய்தி இது.

ஐந்தாம் கியரில் இன்ஜின் அலறல் அடங்கி, வண்டி நெடுஞ்சாலை வேகத்தில் இலகுவாக ஓடுகிறது. அச்சு வேலைக்கும் பணம் ஒதுக்க முடிந்தவர்கள் தாராளமாக வாங்கலாம்.